பூச்சிக்கொல்லிகளின் உயிரித்திரட்சி (வடசென்னை)

பூச்சி, கொசு, எலி ஆகியவற்றை ஒழிக்க இடும் நஞ்சு, வெளியேறும் வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் ஓர் உயிரியின் உடலில் சேர்வது உயிரித்திரட்சி எனப்படும். உணவுச் சங்கிலியில் படிக்குப் படி அதன் செறிவு ஏறுவது உயிரிய உருப்பெருக்கம். நஞ்சின் கொடுமை வேறு, அது உடலில் தங்கும் தன்மை வேறு. நீரில் கரையாமல் கொழுப்பில் கரைந்து, எளிதில் சிதையாதவையே தங்குகின்றன.

பயன்படும் நஞ்சுகள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் அடங்கிய துறைமுக, தொழிற்பகுதியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். கப்பல் சரக்குக்கும் மரச்சட்டங்களுக்கும் செலுத்தும் மெத்தில் புரோமைடு, தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு வெளிவிடும் பாஸ்பீன் இரண்டும் ஆளையே கொல்லக்கூடிய வளிகள். ஆயினும் காற்றில் கலைந்துபோவதால் உணவுச் சங்கிலியில் ஏறுவதில்லை. கொசுப் புழுவுக்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் ஊற்றப்படும் அபேட் (டெமிபாஸ்) மீனுடலில் சேரும்; மருந்து நின்றதும் பெரும்பகுதி வெளியேறிவிடும். எலி மருந்தான புரோமாடயோலோன் கல்லீரலில் நெடுநாள் தங்குவதால், நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகைக்கும் பருந்துக்கும் ஆபத்து உண்டு.

டிடிடி

திரட்சிக்குப் பெயர்போனது டிடிடி (DDT) என்னும் பூச்சிக்கொல்லி. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் இது தெளிக்கப்பட்டது. வேளாண்மையில் இதன் பயன்பாட்டுக்கு 1989இல் தடை வந்தது. நோய்க் கட்டுப்பாட்டுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. வயல்வெளிகளைக் கடந்துவரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. நீரில் கரையாத டிடிடி, ஆறு கொண்டுவரும் வண்டல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். கழிமுகச் சேற்றை மேய்ந்து உண்ணும் மடவை, அதைத் தின்னும் கொடுவா, நீர்க்காகம் என்பது இத்தகைய நஞ்சு மேலேறும் வழி. நீரை வடிகட்டி உண்ணும் பச்சைச் சிப்பி, இந்தியா உள்ளிட்ட ஆசியக் கடலோரங்களில் மாசைக் கண்காணிக்கும் உயிரியாகப் பயன்பட்டுள்ளது.

தாவரங்களில்

பெரும்பாலான செடிகளில் டிடிடி வேரின் மேற்பரப்போடு நின்றுவிடும். தண்டுக்கு ஏறுவது குறைவு. பரங்கி இனம் விதிவிலக்கு: டிடிடி சிதைந்து மண்ணில் எஞ்சிய டிடிஇயை (DDE) உறிஞ்சித் தண்டுவரை ஏற்றுகிறது.

ஆய்வுகள்

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949, 1954, 1957 ஆண்டுகளில் கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க டிடிடியின் உறவுச் சேர்மமான டிடிடீ (DDD) இடப்பட்டது. நீரில் பத்து இலட்சத்தில் 0.02 பங்காக இருந்த அது, இறந்த முக்குளிப்பான்களின் கொழுப்பில் 1,600 பங்காக ஏறியிருந்தது.

பரங்கிப்பேட்டையை ஒட்டிய வெள்ளாற்றுப் பகுதியில் நடந்த ஆய்வு வெப்பமண்டலத்தின் இன்னொரு போக்கைக் காட்டியது. நெல்வயலில் தெளித்த பிஎச்சி (BHC) என்னும் பூச்சிக்கொல்லியின் மிகப் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்தது. கடலுக்குச் சென்றது சொற்பமே. ஆயினும் 1998இல் வெளியான ஆய்வில், தென்னிந்தியாவிலேயே தங்கி வாழும் பறவைகளின் உடலில் பிஎச்சி எச்சம் மிகுந்திருந்தது.

சட்டநிலை

பிஎச்சி இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்டது. நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கு இந்தியா 2006இல் ஒப்புதல் அளித்தது.