மின்சாரம் பாடிய கதை

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகப் பெருகும் இடத்தை அண்டியது பொல்பிட்டிய. இங்கே சமனல நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு 1969. அவ்வாண்டில்தான் மேலே மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கிற்று. அதே ஆண்டில் லண்டனில் பீற்றில்ஸ் குழுவினர் தமது 'அபே றோட்' இசைத்தட்டில் மோக் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை ஒலிக்கச் செய்தனர்.

இவற்றுக்குள் தொடர்பு ஏது என்று வாசகர் வினவலாம். மின்சாரம் எவர் உழைத்த மண்ணில் பிறக்கிறது, எவர் கையில் கருவியாகிறது என்ற கேள்வியே அத்தொடர்பு.

வீணையில் அதிர்வது தந்தி; குழலில் அதிர்வது காற்று; தப்பில் அதிர்வது தோல். சிந்தசைசரிலோ மின்னோட்டமே அதிர்கிறது. அதன் ஓர் உறுப்பு அதிர்வைப் பிறப்பிக்கிறது. மற்றொன்று அதனை வடிகட்டி நாதத்தின் நிறத்தை மாற்றுகிறது. இன்னொன்று அதன் வலுவைக் கூட்டிக் குறைக்கிறது. அமெரிக்கரான ரொபேட் மோக் வகுத்த முறை எளிமையானது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். 1964 அக்டோபரில் நியூயோர்க்கில் நடந்த ஒலிப் பொறியியலாளர் மாநாட்டில் அவர் தமது கருவியைக் காட்டினார். அதே மாதம் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி மலையக மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தனர். ஓரிடத்தில் மனிதன் மின்னோட்டத்தைத் தன் விரலுக்குப் பணியவைத்தான். மற்றோரிடத்தில் மனிதரே கணக்கேட்டின் எண்களாயினர்.

மோக்கின் முதற் கருவிகள் ஒரு வேளையில் ஒரு சுரத்தையே எழுப்பும். 1968இல் வெண்டி கார்லோஸ் அக்கருவியில் பாஹ்கின் இசையை ஒவ்வொரு இழையாக ஒலிநாடாவிற் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுமையாக்கினார். கருவி செய்ததாக உலகம் வியந்ததன் பின்னே பொறுமை மிக்க மனித உழைப்பு இருந்தது.

நம் பக்கத்து வரலாறு இதனினும் முந்தியது. பிரான்சியர் கொன்ஸ்தாந்த் மார்த்தன் 1947இல் ஆக்கிய கிளாவியோலின் என்னும் கருவியைச் சிந்தசைசரின் மூத்த உறவு எனலாம். 1954இல் வெளியான 'நாகின்' இந்திப் படத்தில் ஹேமந்த் குமாரின் இசைக்காகக் கல்யாண்ஜி அதனை வாசித்தார். நாடு முழுவதும் பாம்பாட்டியின் மகுடி என்று கேட்டு மயங்கிய அவ்வொலி உண்மையில் மின்சாரத்தின் குரல். 1952 முதல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கிய காலத்தில், அவற்றை இந்தியா எங்கும் கொண்டு சென்றது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியே.

ஆனால் அந்த வானொலியை நம் தோட்டங்களில் எப்படிக் கேட்டார்கள்? பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. எனினும் நெடுங்காலம் லயன் அறைகள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. வானொலிக்கு உயிர் தந்தது கடையில் வாங்கிய மின்கலம். மலையின் நீர் கொழும்பில் ஒளியாயிற்று. மலையில் கொழுந்து பறித்தவளின் வீட்டில் இருளே எஞ்சியது.

1982இல் பம்பாயின் வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் பதிவு செய்தார். அன்று அதனைப் போற்றுவார் இலர். 2010இல் மறுபதிப்பு வந்தபின்னரே உலகம் வியந்தது. தமிழில் 1986ஆம் ஆண்டின் 'புன்னகை மன்னன்' கணிப்பொறி இசைக்காகப் பேசப்பட்டது. இளையராஜாவின் அம்முயற்சியை அடுத்து, 1992இல் 'ரோஜா'வின் மூலம் ஏ. ஆர். ரகுமான் மின்னிசைக் கூடத்தின் ஓசையைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பினார்.

இவ்வளர்ச்சியைக் கண்டு எல்லோரும் மகிழவில்லை. நாற்பது வயலின்கள் தந்த நாதத்தை ஒரு விசைப்பலகை தருமாயின், அந்த நாற்பது பேரின் அடுப்பு எரிவது எப்படி? 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை இக்கருவிகளைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதைப் பிற்போக்கு என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அத்தீர்மானத்தின் அடியில் இருந்தது இசை வெறுப்பன்று, வயிற்றுப் பசி. அதன் பிழை, பகைவனை இனங்காணாமையே. கருவி எவருடைய வேலையையும் பறிப்பதில்லை. கருவியைச் சொந்தமாக வைத்திருப்பவன், மிஞ்சிய கூலியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். யந்திரத்தை உடைப்பதால் இந்தக் கணக்கு நேராகாது. யந்திரத்தின் பயனைப் பங்கிட்டால்தான் நேராகும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் ஓர் அறையை அடைத்த சிந்தசைசர், இப்போது கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. தோட்டத்து இளைஞன் ஒருவன் லயத்தின் திண்ணையில் அமர்ந்தே பாட்டமைக்கலாம். இது பெரும் வாய்ப்பு. ஆயினும் ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. காமன் கூத்திலே முழங்கும் தப்பின் ஒலியை ஒருமுறை பதிந்து பெட்டியில் அடைத்துவிட்டால், அதனை ஆயிரம் பாடல்களில் ஒலிக்கச் செய்யலாம். அடித்தவனின் பெயர் இராது. அவனுக்குரிய கூலியும் இராது. நீரைக் கொடுத்துவிட்டு இருளில் அமர்ந்திருந்த அதே கதை, ஒலியிலும் தொடரக்கூடும்.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. தப்பொலி பதியப்படுமிடத்தில் கலைஞனின் பெயரும் பதியப்படவேண்டும். ஒலி விற்கப்படுந்தோறும் அவன் பங்கு அவனைச் சேரவேண்டும். புதிய கருவியைப் பயிலும் இளைஞன் அந்த முதிய தப்புக் கலைஞனைத் தன் அருகில் அமர்த்திக்கொள்ளட்டும். பொல்பிட்டியவின் சுழலிகளைச் சுற்றும் நீர் இம்மலையில் விழுந்த மழை. அந்த மின்சாரத்தில் எழும் பாட்டிலும் இம்மலையின் மக்களுக்கு உரிமை உண்டு.