ஏழாயிரம்பண்ணைப் பாளைய ஆவணங்கள்

ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்குத் தென்மேற்கே உள்ள ஊர். பழைய திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களுள் ஒன்றுக்குத் தலைமையிடமாக இருந்தது. இன்று பட்டாசு, தீப்பெட்டித் தொழிலால் அறியப்படும் இவ்வூரைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை மறவர் குலப் பாளையக்காரர்கள் ஆண்டனர். 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையத்தைப் பறிமுதல் செய்தது. அதனால் இதன் நிலவுரிமை வரலாற்றைத் தேடுவோர் பறித்தவர்கள் எழுதிவைத்த ஏடுகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பறிமுதலும் சன்னதும்

பாளையங்களிடமிருந்து பேஷ்குஷ் என்ற கப்பத்தை நேரே வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி 1792-இல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பெற்றது. அதைத் தொடர்ந்த பூசல் 1799-இல் போராக முற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குத் துணைநின்ற ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பெரும் பங்கு கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. 1801-இல் நடந்த இரண்டாம் போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி உழுததோடு, அந்தப் பெயரையே அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கவும் கம்பெனி ஆணையிட்டது. கோட்டையை இடித்த பிறகும் ஏட்டிலிருக்கும் ஒரு பெயருக்கு அஞ்சியிருக்கிறார்கள் என்றால், நிலப் பதிவுக்கு இருந்த வலிமை விளங்கும்.

1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 1803-இல் திருநெல்வேலிப் பாளையக்காரர்களுக்குச் சன்னதுகள் வழங்கப்பட்டன. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் இவ்வளவு, இதை ஒழுங்காகக் கட்டும்வரை நிலம் பரம்பரையாக உமக்கே என்பது சன்னதின் சாரம். பெற்றவர் அதை ஏற்று எழுதிக்கொடுக்கும் பதில் ஓலை கபூலியத். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனது இந்த இரண்டு காகிதங்களால்தான். கட்டபொம்மன் பக்கம் நின்ற ஆறு பாளையங்களும் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே பறிபோயிருந்தன. உடன்பட்டவர்களுக்குச் சன்னது கிடைத்தது. எதிர்த்தவர்களின் உரிமை பறிமுதல் ஆணையில் எழுதப்பட்டது. தென்பாண்டி நாட்டு ஜமீன் வரலாறுகளில் சில குடும்பங்கள் விரிவாகவும் சில குடும்பங்கள் ஓரிரு வரியிலும் இடம்பெறுவதற்கு முதல் காரணம் இதுவே. எட்டயபுரத்துக்கு 1879-இலேயே சுவாமி தீட்சிதரின் 'வம்சமணி தீபிகை' அச்சேறிவிட்டது. தோற்றவர்களுக்கு அப்படி எழுதுவிக்க அரண்மனை இல்லை.

ஆவணங்கள் இருக்குமிடம்

ஆவணங்கள் உள்ள இடங்களுள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் தலையாயது. 1909-இல் கட்டப்பட்ட அதன் செங்கல் கட்டடத்தில் 1670 முதலான கம்பெனி ஆவணங்கள் உள்ளன. ஏழாயிரம்பண்ணைக்கு வேண்டியவை மூன்று வகைப்படும். போர்ச் செய்திகள் இராணுவ ஆலோசனைத் தொகுதிகளில் இருக்கின்றன. வரியும் நிலமும் பற்றியவை வருவாய் வாரிய நடவடிக்கைகளில் வருகின்றன. தென்பாளையங்களின் பேஷ்குஷ் வசூலுக்குப் பொறுப்பேற்ற கலெக்டர் லஷிங்டன் போன்றோரின் கடிதங்கள் திருநெல்வேலி மாவட்டத் தொகுதிகளில் உள்ளன. லஷிங்டனின் அறிக்கைகளைப் பகைவரின் வாக்குமூலமாகவே படிக்க வேண்டும். ஆனாலும் திசைக்காவல், தலக்காவல் என்ற பெயர்களில் பாளையக்காரர்கள் ஊர்களிடம் பெற்றுவந்த வருவாயைப் பற்றி அவற்றில் கிடைக்கும் விவரம் மிகுதி.

பாளையத்தார் தரப்பைச் சொல்வன வம்சாவளிகள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராக உயர்ந்த காலின் மெக்கன்சி, தம் உதவியாளர்களைக் கொண்டு தென்னாட்டுப் பாளையங்களின் வரலாறுகளைத் திரட்டினார். அவற்றுள் தமிழ்ச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. பெரும்பாலான வம்சாவளிகளின் போக்கு ஒன்றுபோல இருக்கும்: முன்னோர் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வருவார், மன்னருக்கு அருஞ்செயல் ஒன்று செய்து காட்டுவார், காவலும் நிலமும் பெறுவார், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒன்று அவர் பொறுப்பில் விடப்படும். பாளையங்கள் தம் உரிமையை நிலைநாட்டத் தவித்த காலத்தில் சொல்லப்பட்டவை இவை. ஆண்டுக் கணக்குக்கு இவற்றை நம்புவது கடினம். நிலத்தின் மீது தமக்கிருந்த உரிமையை அவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

போரில் கைப்பற்றப்பட்ட காகிதங்களும் உண்டு. 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கர்னல் வில்லியம் புல்லர்டன், கட்டபொம்ம நாயக்கருக்கும் கொழும்பு டச்சுக்காரர்களுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப் படியைக் கோட்டைக்குள் கண்டெடுத்ததாக எழுதியிருக்கிறார். பாளையங்கள் முறையாக எழுதி, ஆவணங்களைப் பேணி வந்தன என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஸ்காட்லாந்தில் ஒரு முன்நிகழ்வு

புல்லர்டனும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவருடைய நாட்டில் 1617 முதலே நிலம் கைமாறுவதைப் பொதுப் பதிவேட்டில் எழுதும் முறை இருந்தது. 1745-இல் அங்கே ஸ்டூவர்ட் அரச குலத்துக்காகக் கிளர்ந்தெழுந்த தலைவர்களின் நிலங்களை அரசு பறித்தது. 1752-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் 13 பண்ணைகளை மன்னருடைமையாகச் சேர்த்துக்கொண்டது. மேற்பார்க்க வந்த அதிகாரிகள் குடியானவர், குத்தகை, கால்நடை, விளைச்சல் என்று ஒன்றுவிடாமல் எழுதினார்கள். 1784-இல் நிலங்கள் பழைய குடும்பங்களுக்குத் திரும்பின. எழுதியவை அரசிடமே தங்கி, இப்போது எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பறித்தவரின் கணக்கே பறிகொடுத்தவரின் வரலாற்றுக்கு ஆதாரமாவது அங்கும் நடந்திருக்கிறது. வேறுபாடு ஒன்று: அங்கே பல நிலக்கிழார் குடும்பங்கள் தம் சாசனங்களைக் குடும்பப் பெயரிலேயே காப்பகத்தில் ஒப்படைத்துள்ளன. நம் ஜமீன் குடும்பங்களின் ஓலைகளுக்கும் செப்பேடுகளுக்கும் அத்தகைய பரவலான ஏற்பாடு அமையவில்லை. இது பெரிய இழப்பு.

பிற்கால நிலப் பதிவுகள்

1858-இல் அமைந்த இனாம் ஆணையம் ஊர்தோறும் மானிய நிலங்களை விசாரித்து எழுதிய இனாம் பதிவேடுகள், கோயில், அக்கிரகாரம், ஊழியக்காரர் ஆகியோருக்கு நிலம் கொடுத்தவர் யார் என்பதையும் குறிக்கின்றன. பாளையக்காரர் கொடுத்த மானியம் அவர் வீழ்ந்த பிறகும் அனுபவத்தில் தொடர்ந்திருந்தால் இங்கே அகப்படும். மாகாணத்தில் எஞ்சியிருந்த ஜமீன்களை 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் ஒழித்தது. நிலத்தோடு கணக்கு, பதிவேடு, பட்டா, முச்சலிக்கை, வரைபடம் ஆகியவற்றையும் அரசு எடுத்துக்கொள்ள அச்சட்டம் வகைசெய்தது. இதனால் ஜமீன் காகிதங்களில் ஒரு பகுதி வருவாய்த் துறையின் கைக்கு வந்தது.

தேடுவோர் மாவட்ட எல்லை மாற்றங்களை மனத்தில் கொள்ள வேண்டும். சாத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பிறகு புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தர்கள் பல விதமாக எழுதியிருப்பதால், ஒரே எழுத்துக்கூட்டலை வைத்து அட்டவணையில் தேடுவது பயன்தராது. வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டும், திருநெல்வேலிச் சீமை ஓலைகளில் கொல்லம் ஆண்டும் வரும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.