நாக்குல பரு: எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்? ஒரு வரலாற்று இழை

1) வில்லியனூர், பாகூர் பக்கம் இருந்து வர்ற மக்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், நாக்குல பரு பருவா இருக்கு. கேன்சரா இருக்குமோ?" ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு 300 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல நம்ம தமிழ் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. பொறுமையா படிங்க மக்களே.

2) கண்ணாடி முன்னாடி நின்னு, செல்போன் டார்ச் அடிச்சு, நாக்கை முழுசா வெளிய நீட்டினா, பின்பக்கம் தலைகீழ் 'V' மாதிரி ஒரு வரிசையில 8 முதல் 12 பெரிய பருக்கள் தெரியும். பயந்து வர்றவங்கள்ல பல பேர் பார்த்தது இதைத்தான். இது நோய் இல்லை. பிறக்கும்போதே எல்லோருக்கும் இருக்கிற உறுப்பு. பெயர் பாப்பில்லா.

3) இதை முதலில் விளக்கியவர்களில் முக்கியமானவர் இத்தாலி மருத்துவர் மார்செல்லோ மால்பிகி. வேகவைத்த மாட்டு நாக்கின் தோலை உரித்து, நுண்ணோக்கியில பார்த்தார். 1665ல் எழுதினார்: நாக்கின் சொரசொரப்பு அழுக்கு இல்லை, சுவையை உணர்கிற அமைப்பு. சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்ல முடியுதுன்னா, அதுக்கு இந்தப் பருக்கள்தான் காரணம்.

4) அப்ப பரு இல்லாம நாக்கு வழவழன்னு இருந்தா? அதுதான் நோய். இதைப் புரிஞ்சுக்க 1928க்குப் போகணும்.

5) லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய் வந்தார். துணி மில்லில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியவில்லை. அவர் ஆராய்ச்சி பம்பாயிலிருந்து குன்னூர், பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரி வரை நீண்டது. (திருவல்லிக்கேணியில இருக்கிற இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது.)

6) மலிவான ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஏறியது! 1931ல் முடிவை வெளியிட்டார். அந்த ஈஸ்ட்டுக்குள்ள இருந்த பொருளுக்கு 1941ல்தான் பெயர் கிடைத்தது: ஃபோலிக் ஆசிட். இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோட சேர்த்துக் கொடுக்கிற அதே மாத்திரை.

7) அதே காலகட்டத்தில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஐக்ராய்ட், கிருஷ்ணன் இருவரும் வாய் ஓரம் வெடித்து, நாக்கு சிவந்து புண்ணாகிற தென்னிந்தியக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 1936ல் சொன்னார்கள்: இது பி வைட்டமின் குறைபாடு. தீட்டிய அரிசியை மட்டும் நம்பிய சாப்பாட்டின் விளைவு. "உடம்பு சூடு"ன்னு நாம சொல்ற பல நாக்குப் புண்ணுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

8) ஆக, நாலு விஷயம் தெளிவாச்சு. பாப்பில்லா இயல்பு. திடீர்னு வந்து, வலிச்சு, சில நாள்ல போற சின்னப் பரு: சூடான டீ, காரம், பல் கடி, இதுமாதிரி சில்லறைக் காரணம். நாக்கு வழவழன்னு சிவந்து எரிஞ்சா ரத்தமும் சத்தும் பார்க்கணும். சர்க்கரை நோயாளிக்கு வெள்ளையா தயிர் மாதிரி படிஞ்சா பூஞ்சையான்னு பார்க்கணும். இதெல்லாம் சரிசெய்யக் கூடியது.

9) இப்ப பயப்பட வேண்டிய பரு. அதுக்கு நெய்யூர் போகணும்.

10) கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷன் 1838லேயே அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டல், 1908ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே எண்ணிக்கை இருந்தது: 1,700 புற்றுநோயாளிகள்!

11) பெரும்பங்கு வாய்ப் புற்று. இங்கிலாந்து டாக்டர்கள் அந்த அளவுக்கு வாய்ப் புற்றைப் பார்த்ததே இல்லை. இங்கே மட்டும் ஏன்? பதில் நோயாளிகளோட மடியிலயே இருந்தது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை.

12) 1933ல் அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஆர், வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்று பற்றி லான்செட்டில் எழுதினார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950ல் உலகம் ஒத்துக்கொள்ளத் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு தமிழ்க் கிராமத்து ஆஸ்பத்திரி புகையிலையைப் பற்றி எச்சரித்துவிட்டது. நாமதான் காதுல வாங்கலை.

13) "நான் புகையிலை போடறதில்லை டாக்டர், வெறும் பாக்குதான்"னு சொல்றவங்க கவனிங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985ல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்று உண்டாக்கும் பொருள் என்றது. வெறும் பாக்கு பற்றி அப்போது சான்று போதவில்லை. 2004ல் சான்று வந்துவிட்டது. பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும். அந்த வாதம் அதோட முடிஞ்சது.

14) நம்ம ஊருக்கு வருவோம். நடவு, களை எடுக்கப் போற அம்மாக்கள், ஆயாக்கள் இடுப்புல சுருக்குப்பை. பசி தெரியாம இருக்க, முதுகு வலி மறக்க, புகையிலையை அடக்கிக்கிட்டு வேலை. அவங்களைத் திட்டிப் பயனில்லை. அது பழக்கம் மட்டும் இல்லை, கூலி வேலையோட களைப்புக்கு அவங்களுக்குக் கிடைச்ச மலிவான மருந்து. ஆனா அவங்க வாயை யாராவது பார்க்கணும்.

15) பார்த்தா பலன் உண்டா? உண்டு. 1996ல் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. மொத்தம் 13 பஞ்சாயத்துகள். 7ல் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். டாக்டர் இல்லை, ஸ்கேன் இல்லை. 2005ல் முடிவு வந்தது: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெறும் கண்ணும் வெளிச்சமும் சாதிச்சது அது.

16) நீங்க பார்க்க வேண்டியது:
– நாக்கின் மேல்பக்கத்தை விட ஓரமும் அடிப்பக்கமும் முக்கியம். இந்த நோய் அங்கதான் அதிகம்.
– 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், கட்டி.
– வலி இல்லாத கெட்டியான தடிப்பு. வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு விடாதீங்க. ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது.
– தேய்ச்சாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு.
– வாய் திறக்க முடியாம இறுகுவது, காரம் தாங்காம எரிவது.
– கூரான பல் ஒரே இடத்தில் உரசிக்கிட்டே இருப்பது.

17) இதுல ஒண்ணு இருந்தா கூகுள்ல தேடி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. தேவைப்பட்டா ஜிப்மருக்கு அனுப்புவாங்க. 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது அது. புற்றுநோய்க்குத் தனிப் பிரிவே இருக்கு. சின்னக் கட்டியா வந்தா, வெட்டி எடுத்து, பேச்சும் சாப்பாடும் பழையபடி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. கழுத்துல நெறி கட்டின பிறகு வந்தா சிகிச்சையும் பெருசு, செலவும் பெருசு.

18) இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல வெத்தலை போடற ஆயாவையோ குட்கா போடற அண்ணனையோ உட்கார வெச்சு, "நாக்கை நீட்டு, பக்கவாட்டுல திருப்பு, மேல தூக்கு"ன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆகும். சந்தேகம் இருந்தா மறுநாளே கூட்டிட்டுப் போங்க.

தேவைப்படறவங்களுக்குப் பகிருங்க.