'போஷ்', 'ரிட்ஸி', 'ஃபேன்சி'... காஸ்ட்லி பொருளுக்கு இத்தனை இங்கிலீஷ் பெயர்களா? எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

கோவில்பட்டி கடலைமிட்டாய் பெட்டிக்கடை ஜாடியிலும் கிடைக்கும், பளபளக்கும் கிஃப்ட் பாக்ஸிலும் கிடைக்கும். பாக்ஸுக்குள் போனதும் அதன் மேல் 'ராயல்', 'பிரீமியம்' என ஏதாவது ஓர் இங்கிலீஷ் வார்த்தை ஏறிக்கொள்ளும். கூடவே விலையும் ஏறும். ஹோட்டல், ஜவுளி, வீட்டு மனை விளம்பரம் என எங்கே பார்த்தாலும் இதே கதைதான். இந்த வார்த்தைகள் உண்மையில் என்ன சொல்கின்றன? தெரிஞ்சுக்கலாம்.

போஷ்

மேல்தட்டு மக்களின் பாணியைக் குறிக்கும் பிரிட்டிஷ் பேச்சு வழக்கு. 'போஷ் ஏரியா' என்றால் வசதியானவர்கள் வாழும் பகுதி. ஒருவரின் பேச்சை 'போஷ்' என்றால் அதில் லேசான கிண்டலும் இருக்கலாம்.

இந்த வார்த்தைக்கு ஒரு 'கப்பல் கதை' உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என வெயில் படாத அறைகளைப் பணக்காரர்கள் எடுப்பார்களாம். அதைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் போஷ் என்பார்கள். கேட்க நல்லா இருக்கும், ஆனா ஆதாரம் இல்லை. அகராதி ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையிலேயே காசு, பகட்டுக்காரர் என்ற பொருள்களில் 'போஷ்' இருந்திருக்கிறது.

ரிட்ஸி

இது ஓர் ஆளின் பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சீசர் ரிட்ஸின் பெயரில் 1898-ல் பாரிஸிலும், 1906-ல் லண்டனிலும் ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. அந்த ஹோட்டல்களின் சொகுசே பின்னாளில் 'ரிட்ஸி' என்ற சொல்லாகிவிட்டது.

ஸ்வாங்கி, பிளஷ், கிளாஸி, பிரைஸி

* ஸ்வாங்கி: 'ஸ்வாங்க்' என்றால் பந்தா காட்டுவது. அதனால் ஸ்வாங்கியில் ஆடம்பரத்தோடு கொஞ்சம் பகட்டு வாடையும் அடிக்கும்.
* பிளஷ்: மெத்தென்ற ஒருவகைத் துணியின் பெயர். சொகுசான ஹோட்டல், ஆபீஸுக்குப் பொருந்தும்.
* கிளாஸி: நயம், நாகரிகம். விலை குறைந்த பருத்திச் சேலைகூட கிளாஸியாக இருக்கலாம்.
* பிரைஸி: விலை ஜாஸ்தி, அவ்வளவுதான். பெரும்பாலும் இது பாராட்டு இல்லை, புலம்பல்.

இவை எல்லாமே பேச்சு வழக்குச் சொற்கள். அலுவலகக் கடிதத்திலோ தேர்விலோ எழுதும்போது 'எக்ஸ்பென்சிவ்', 'எலிகன்ட்', 'லக்சூரியஸ்' போன்றவையே பாதுகாப்பு.

நம்ம ஊர் 'ஃபேன்சி' வேற

ஆங்கிலத்தில் 'ஃபேன்சி ரெஸ்டாரன்ட்' என்றால் பர்ஸ் காலியாகும் இடம். நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோரிலோ வளையல், பொட்டு, ஹேர் கிளிப் என சில்லறைக் காசுக்கே பொருள் கிடைக்கும். வண்டிக்கு 'ஃபேன்சி நம்பர்' வேண்டும் என்றால் மட்டும் கூடுதல் கட்டணம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. மேலே போய் வண்ணமாக வெடிப்பவைதான் 'பேன்சி ரகம்'. சாதாரண வெடிகளுக்கு மட்டும் அனுமதி பெற்ற ஆலையில் பேன்சி ரகம் தயாரித்ததாக வழக்கு என்ற செய்தியை இந்தப் பகுதி மக்கள் அடிக்கடி படிக்கிறார்கள். மற்ற ஊரில் அலங்காரமாக ஒலிக்கும் சொல், இங்கே பட்டாசு வேலைக்குப் போனவர் வீடு திரும்பும் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வைக்கும் சொல்.

ஆபீஸ் போர்டில் 'போஷ்' இருக்கே?

அதற்கும் ஆடம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுருக்கப் பெயர் அது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம்.

தமிழில் இதுக்கு வார்த்தை இல்லையா?

நிறையவே உண்டு. ஒசத்தி, பவுசு, மிடுக்கு, பகட்டு, டாம்பீகம் என வரிசையாக அடுக்கலாம். ஒசத்தி பொருளைப் பாராட்டும். பகட்டு ஆளைக் குத்தும். இந்தக் கரிசல் பேச்சுக்கென்றே, கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 1982-ல் ஒரு வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார்.

ஒரு காலத்தில் 'சீமைச் சரக்கு' என்றாலே தனி மதிப்பு. கப்பலேறி வந்த பொருள் என்று அர்த்தம். இன்று கரிசல் காட்டில் 'சீமை' என்றதும் நினைவுக்கு வருவது, நிலத்தை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலம்தான். பவுசான வார்த்தைக்கும் ஆயுசு உண்டு.

அப்போ பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போலியாகப் பயன்படுத்தினால் சட்ட நடவடிக்கை எடுக்கலாம். அதாவது ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு பதிவும், இன்ன இடம், இன்ன தயாரிப்பு முறை என்ற வரையறையும் இருக்கிறது. 'ராயல்' என்ற வார்த்தையோ, உள்ளே கடலை எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என எதையும் சொல்லாது.

எனவே அடுத்த முறை பாக்ஸை வாங்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படிங்க. சேர்க்கப்பட்ட பொருள்கள், நிகர எடை, தயாரித்த தேதி, ஒரு கிராமுக்கு என்ன விலை ஆகிய நான்கையும் பாருங்க. பக்கத்தில் இருக்கும் சாதாரண பாக்கெட்டோடு ஒப்பிட்டால், கூடுதல் காசு கடலைக்குப் போகிறதா, வார்த்தைக்குப் போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.