திதியும் பசலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக் கிராமமொன்றில் உழுது வாழ்ந்த ஒரு குடியானவரின் பிறந்த நாளையோ இறந்த நாளையோ அரசுப் பதிவேடுகளில் தேடிக் காண்பது அரிது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாகாணச் சட்டமே 1899-இல்தான் இயற்றப்பட்டது. ஆயினும், பரணில் கிடக்கும் ஜாதக ஓலை, கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வரி ரசீது ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால், அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி துலங்கிவிடும்.

இத்தேடலில் முதலில் குழப்புவது பெயரே. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே பெயரன் என்ற சொல் அமைந்தது. முத்துசாமி மகன் ராமசாமி, அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மீண்டும் ராமசாமி என்று சுழலும் குடும்பத்தில், 'முத்துசாமி மகன் ராமசாமி' என்ற குறிப்பு பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒருங்கே பொருந்தும். ஆகவே ஆண்டைத் துணியாமல் ஆளைத் துணிய இயலாது.

ஆண்டோ அறுபதாண்டுச் சுழற்சியில் வருவது. 'தாது வருஷம்' என்று மட்டும் எழுதப்பட்ட பத்திரம் 1816-ஐயும் குறிக்கலாம். பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-ஐயும் குறிக்கலாம். அவ்விடத்தில் எழுத்தைவிட முத்திரைத்தாள் தெளிவாகப் பேசும்: விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த தாள் 1816-க்கு உரியதாக இருக்க முடியாது. 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 1865 முதல் நடைமுறைக்கு வந்ததால், பத்திரத்தின் பின்புறத்தில் பதிவு எண் இருப்பின் அதுவும் அதே முடிவை உறுதிசெய்யும்.

அடுத்து நிதானமாகப் படிக்க வேண்டியது 'செக்குபந்தி' எனப்படும் நான்கெல்லை விவரமாகும். வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு என்று செல்லும் அவ்வரிகளில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். பங்கு பிரிந்த அண்ணன் தம்பிகளின் நிலங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே அமைவதால், எல்லைக்காரரின் தகப்பனார் பெயரும் நிலத்தை விற்றவரின் தகப்பனார் பெயரும் ஒன்றாயின், அவர்கள் உடன்பிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்று கருதி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடலாம். சுழலும் பெயர்களால் பிரித்தறிய முடியாத பாட்டனையும் பேரனையும் அவரவர் காலத்து அண்டை நிலக்காரர்கள் பிரித்துக் காட்டிவிடுவர். நிலம் பெரிதும் ஆண்கள் பெயரிலேயே இருந்தமையால் பெண்களின் பெயர்கள் இவ்வரிகளில் அரிதாகவே வருகின்றன. அவர்களைத் தானப் பத்திரங்களிலும் ஜீவனாம்சப் பத்திரங்களிலும் ஜாதகக் குறிப்புகளிலும் தனியே தேடுதல் வேண்டும்.

எஞ்சுவது இறந்த நாள். திதி கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மாதமும் பிறையும் திதியும் தலைமுறை தலைமுறையாக நினைவில் நிற்கும். ஆண்டு மட்டும் மறந்துபோயிருக்கும். பட்டாவிலோ ஆண்டு உண்டு, நாள் இல்லை. பட்டாவில் காணும் பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு. அதனுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பசலி 1290-இல் தந்தை பெயரிலும் 1291-இல் மகன் பெயரிலும் பட்டா இருந்து, வீட்டில் ஐப்பசி வளர்பிறை ஏகாதசியில் திதி கொடுக்கப்படுமானால், முதலில் புரட்ட வேண்டியது 1880-ஐ ஒட்டிய விக்கிரம ஆண்டின் பஞ்சாங்கமாகும். பட்டா மாற்றம் ஓரிரு ஆண்டு தாமதப்படுவதும் உண்டாதலால், முந்தைய ஆண்டுகளின் வரி ரசீதுகளையும் அதனோடு ஒப்பிட்டுத் தெளிதல் வேண்டும்.

இவ்வாறு வீட்டு நினைவு நாளைத் தர, அரசுக் கணக்கு ஆண்டைத் தருகிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் தேதி கிட்டாது. ஆண்டு தெரியாமலே அந்நாளில் எள்ளும் நீரும் இறைத்துவந்த முன்னோர்கள், தம்மையறியாமல் தங்கள் குடும்ப வரலாற்றின் பாதியைக் காத்துத் தந்திருக்கிறார்கள்.

(தொடரும்)