ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்

தலைப்பில் உள்ளது நம் பெரியவர்கள் வாயில் புழங்கிய சொலவடை. மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அறுவடை முடிந்ததும் கீதாரியைக் கூப்பிட்டு வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். அதன் பலன் அடுத்த வெள்ளாமையிலேயே தெரிந்துவிடும். மாட்டுக் குப்பை நின்று நிதானமாகத்தான் வேலை செய்யும்.

ஏன் இந்த வித்தியாசம்? எருவைப் பயிர் அப்படியே சாப்பிடுவதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும். தழைச்சத்து கூடுதலாக உள்ள ஆட்டு எரு சீக்கிரம் சிதையும்; நார் மிகுந்த மாட்டு எருவுக்கு நாளாகும். நுண்ணுயிர் என்ற பேரே தெரியாமல் அவற்றின் வேலை வேகத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார்கள்.

பிறகு மூட்டை உரம் வந்தது. 1906-ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. 1947-ல் ஆலுவா பக்கம் ஃபாக்ட் ஆலையில் அமோனியம் சல்பேட் உற்பத்தி ஆரம்பமானது. 1960-களின் பிற்பாதியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வந்தபோது உரம் இல்லாமல் விவசாயம் இல்லை என்றாயிற்று. 1975 வாக்கில் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் யூரியாவும் வந்துவிட்டது. பஞ்ச காலத்தில் அந்த நெல்தான் நம் வயிற்றை நிரப்பியது. அதை மறந்து பேசுவது நன்றியாகாது.

ஆனால் யூரியாவும் நுண்ணுயிர் தயவில்தான் வேலை செய்கிறது. அதிலுள்ள 46 சதவீதத் தழைச்சத்தை மண்ணின் உயிர்கள் முதலில் அமோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், அல்லது தண்ணீர் நிற்கும் வயலில் வாயுவாகப் பறந்துவிடும். போட்டதில் பாதிகூட நெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. பச்சை குறைகிறதே என்று இன்னும் ஒரு மூட்டை வீசுவோம். பயிர் கருகருவென்று தழைக்கும்; பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் என்று வரிசையாக வரும். மருந்துக் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

நூறு வருஷத்துக்கும் மேலாக இதைக் கவனித்துவரும் ஓர் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில், இன்றைய பல்கலைக்கழகத்தில், 1909-ல் நிரந்தர உரப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும். ஒன்றுக்குத் தொழு உரம். கிடைத்த பாடம் எளிமையானது. தழைச்சத்தை மட்டும் போட்ட மண் தேறவில்லை. மூன்று சத்தும் அளவாகப் பெற்ற மண் தாக்குப்பிடித்தது. நுண்ணுயிர் பெருகி மண் வளமாக இருந்தது தொழு உரம் பெற்ற பாத்தியில். பின்னால் 1970-களில் தொடங்கிய இன்னொரு நீண்டகாலப் பரிசோதனை, மூட்டை உரமும் தொழு உரமும் சேர்ந்தால் மகசூலும் நிற்கும், மண்ணும் நிற்கும் என்று காட்டியது.

அந்தப் பல்கலைக்கழகம் சொல்லி நாம் செய்த ஒரு வேலை நினைவிருக்கிறதா? 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் வயலில் தூவுவோம். அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு கொஞ்சம் மந்தப்படுத்தும். சத்து வயலில் தங்கும். 2015-ல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நம் களத்தில் மண்வெட்டியால் கிளறியதைத்தான் ஆலை இன்று செய்கிறது.

நுண்ணுயிரையே பாக்கெட்டில் அடைத்தும் கொடுத்தார்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. நாற்றின் வேரை அந்தக் கரைசலில் நனைத்து நடுவோம். ஒரு வருஷம் நான் வாங்கிய பாக்கெட்டுகள், கடையின் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வெந்து கிடந்தவை. வயலில் ஒரு மாற்றமும் இல்லை. உயிருள்ள சரக்கை உப்பு மூட்டை மாதிரி வைத்தால் எப்படிப் பிழைக்கும்? அதைக் கேட்டு வாங்கத் தெரியாதது என் தப்பும்தான்.

இப்போது நானோ யூரியா. 2021-ல் இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். இலையில் தெளிப்பது; மண்ணில் சேரும் உப்பு குறையும் என்பது நல்ல விஷயமே. ஆனால் மூட்டை யூரியாவைக் குறைத்துவிட்டு இதை நம்பிய இடத்தில் நெல், கோதுமை இரண்டிலும் மகசூல் குறைந்ததாக லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொல்கிறது. மண்ணுக்கு உள்ள பட்டினியைப் பாட்டில் தீர்க்காது.

அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தவும் முடியாது. அதே 2021-ல் இலங்கை ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, நெல் விளைச்சல் சரிந்து, அந்த வருஷக் கடைசிக்குள் பின்வாங்கியது. பல பத்தாண்டு மெலிந்த மண் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தேறாது.

நம் பக்கம் கிடை போடுவது அருகிவிட்டது. மூட்டையைப் பாதியாகக் குறைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதலில் கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். கிடைத்தால் ஒரு வாரம் கிடை போடுங்கள். மூட்டையை அதற்கப்புறம் குறைக்கலாம். மண்ணுக்குள் இருக்கிற வேலைக்காரர்களுக்கு முதலில் சோறு போட வேண்டும்.