புதுவீடும் பழைய வீடும்: மாட்டுங்கா, செம்பூர், தாராவி

மும்பையில் வீடு மாற எண்ணும் குடும்பத்தின் முன் வழக்கமாக இரண்டு பட்டியல்கள் இருக்கும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, விசாலமான அறை, பழகிய அண்டை வீட்டார் என்பது பழைய வீட்டின் பட்டியல். மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம், மழைக்கு ஒழுகாத தளம், சிக்கலற்ற பத்திரம் என்பது புதுவீட்டின் பட்டியல். இவ்வொப்பீடு பயனற்றதன்று. ஆயினும் பழமையையும் புதுமையையும் கட்டடத்தின் வயதாக மட்டுமே அது கருதிவிடுகிறது. மும்பையில் ஒரு வீட்டைப் பழையதாக்குவது காலம் மட்டுமன்று. வாடகைச் சட்டம், கட்டட விதி, பராமரிப்புப் பொறுப்பு ஆகியவையும் சேர்ந்தே அதைப் பழையதாக்குகின்றன. தமிழர் செறிந்து வாழ்ந்த மூன்று பகுதிகளின் வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இன்று பழைய வீடுகளின் இடமாக எண்ணப்படும் மாட்டுங்கா, ஒரு தலைமுறைக்கு நகரின் மிகப் புதிய குடியிருப்பாக இருந்தது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோய், நெரிசலான குடியிருப்புகளை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. பழைய நகரின் நெருக்கடியான பகுதிகளை இடித்துச் சாலை அமைப்பது அதன் ஒரு பணி. வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயல்வெளியைக் கையகப்படுத்தி, சாலையும் சாக்கடையும் அமைத்து, மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுவது மற்றொரு பணி. அம்மனைகளில் பெரும்பாலான கட்டடங்கள் 1920களிலும் 1930களிலும் எழுந்தன.

அக்காலத்துப் புதுவீட்டுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் 1912இல் பம்பாய்க் குடியிருப்புகளின் வெளிச்சமும் காற்றும் குறித்து உரையாற்றினார். அவர் வலியுறுத்திய விதி அறுபத்து மூன்றரைப் பாகைக் கோணம். கணக்கு எளியது. கட்டடத்தின் உயரம், அதற்கு எதிரே உள்ள திறந்தவெளியின் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேற்படக்கூடாது. 60 அடி உயரம் வேண்டுமெனில் 30 அடி திறந்தவெளி விட வேண்டும். தரைத்தள அறையிலும் வானத்தின் ஒரு பகுதி தெரிய வேண்டும் என்பதே இதன் உட்பொருள். மாட்டுங்காவின் பழைய வீடுகளில் இன்றும் புகழப்படும் காற்றோட்டம் பழமையால் வந்ததன்று. நோயின் அச்சத்தில் எழுதப்பட்ட ஒரு விதியால் வந்தது.

இவ்வீடுகளில் குடியேறியவர்களில் தென்னிந்திய எழுத்தர்கள், கணக்கர்கள், சுருக்கெழுத்தாளர்கள் கணிசமானோர். கிர்காவ் போன்ற பகுதிகளின் சால்களில் ஒற்றைக் கோலியில் இருந்தவர்களுக்கு மாட்டுங்காவின் 'பிளாக்' புதுமையான வடிவம். சாலில் கழிவறை நடையின் கோடியில் பலருக்கும் பொதுவாக இருக்கும். பிளாக்கில் அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று வசதியெனத் தோன்றும் இவ்வமைப்பு அன்று சங்கடத்தையும் தந்தது. கழிவறை என்பது வாழுமிடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும், அதைத் துப்புரவு செய்வோரின் வருகை அடுக்களையைத் தீண்டக்கூடாது என்பதும் உயர்சாதிக் குடும்பங்களின் வழக்கம். நிலத்தடிச் சாக்கடையுடன் இணைந்த நீரடிக் கழிவறை வந்தபின், கூடையில் மலம் சுமந்து செல்லும் தொழிலாளி வீட்டின் உட்புறம் வர வேண்டிய தேவை நீங்கியது. புறநகர் அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் நிகில் ராவ், கழிவறை உள்ளடங்கிய பிளாக்கின் ஏற்பைச் சாதியின் தூய்மைக் கருத்தோடு பொருத்திக் காண்கிறார். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு பேசுவோர் 'தென்னிந்தியர்' என்ற ஒரே அடையாளத்துக்குள் வந்ததும் இத்தெருக்களில்தான் என்பது அவர் கருத்து. 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் உருவான சண்முகானந்த சபையும் அவ்வடையாளத்தின் நிறுவன வடிவங்கள்.

மாட்டுங்காவின் குடித்தனக்காரர் பெரும்பாலும் வாடகைதாரர். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகையை அளவாகக் கொண்டு வாடகையை உறையச் செய்தது. போர்க்காலப் பற்றாக்குறையில் ஏழை, நடுத்தரக் குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. ஆனால் தற்காலிகமென வந்தது அரை நூற்றாண்டு நீடித்தது. வருவாய் உறைந்தபோது உரிமையாளர் பராமரிப்பைக் கைவிட்டார். குத்தகையுரிமை பகடி முறையில் கைமாறியது. மழைநீர் கம்பிக்கு இறங்கியது. 1969இல் பழுதுபார்ப்பு வாரியத்துக்கான சட்டம் வந்து, தீவு நகரின் பழைய கட்டடங்களுக்கு வரி விதித்து அதைக் கொண்டு பழுது நீக்க முற்பட்டது. 1997இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது எனக் கூறியது. 1999ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. பகடிக்கும் சட்ட ஏற்பு தந்தது. நல்ல வெளிச்சமும் பழுதான தூண்களும் ஒரே கட்டடத்தில் இருப்பது இவ்வாறுதான். முன்னது 1912இன் சிந்தனை. பின்னது 1947இன் விளைவு.

செம்பூரின் கதை வேறு வகை. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கான முகாம் அமைந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1948இன் சட்டப்படி அமைந்த பம்பாய் வீட்டு வசதி வாரியம், திலக் நகர், சுபாஷ் நகர் போன்ற குடியிருப்புகளை அங்கே கட்டியது. மாட்டுங்காவில் இடம் போதாமற்போன தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, செம்பூரின் வாரிய வீடுகளுக்கும் கூட்டுறவுச் சங்க வீடுகளுக்கும் நகர்ந்தது. சேடா நகரின் குன்றின்மேல் முருகன் கோயில் எழுந்தது இக்குடியேற்றத்தின் அடையாளம். இங்கு முக்கிய மாற்றம் செங்கல்லிலன்று, உடைமையில். மாட்டுங்காவில் வாடகைதாரராக இருந்த குடும்பம், செம்பூரில் சங்கத்தின் பங்குதாரராயிற்று. பராமரிப்புக் கட்டணத்தைத் தாமே முடிவு செய்து தாமே செலுத்தும் முறை அது. அறைகள் மாட்டுங்காவினும் சிறியவை. ஆனால் பழுது பார்க்கும் அதிகாரம் குடியிருப்போரிடம் இருந்தது. இன்று திலக் நகரின் தாழ்ந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயர்ந்த கோபுரங்கள் எழுகின்றன. பரப்பு கூடுகிறது; மின்தூக்கி, நீரேற்றி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றின் மாதச்செலவும் கூடுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர்க்குப் புதுவீட்டின் உண்மையான விலை இந்த மாதச்செலவே.

மாட்டுங்காவுக்கு மிக அருகில், இரயில் பாதைகளுக்கு அப்பால் தாராவி. மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற பெயரே தாராவிக்குள் இருக்கிறது. ஆனால் இங்கு வந்த தமிழர் வேறு சாதியினர், வேறு தொழிலினர். தோல் பதனிடும் தொழிலைத் தொடர்ந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து ஆதிதிராவிடரும் இசுலாமியரும் வந்து சேர்ந்தனர். மேம்பாட்டு டிரஸ்டின் திட்ட வரைபடம் இவர்களுக்கு மனை வகுக்கவில்லை. சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பி இவர்களே நிலத்தை உருவாக்கினர். ஆகவே தாராவியின் வீடு ஒரு நாளில் கட்டி முடிந்த பொருளன்று. தகரமும் சாக்குமாகத் தொடங்கி, செங்கல் சுவராகி, மகன் திருமணத்துக்கு மாடியேறி, மாடி வாடகைக்குப் போய், தரைத்தளம் தொழிற்கூடமாகும். விடியலுக்கு முன் இட்லி அவித்துப் பாத்திரங்களில் ஏற்றி நகரெங்கும் விற்கச் செல்லும் குடும்பத்துக்குத் தரைத்தளமும் வாசலும் வெறும் இடமல்ல; முதலீடு. இவ்வீட்டுக்கு வெளிச்சம் குறைவு, கழிவறை பெரும்பாலும் பொதுக்கழிவறை, பத்திரம் இல்லை. இக்குறைகளை மறைத்துத் தாராவியைக் கொண்டாடுவது அங்கு வரிசையில் நிற்கும் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

புதுவீடு எப்படியிருக்க வேண்டும் என்று ஏழைகளிடம் கேட்கப்பட்ட ஒரு தருணம் இந்நகர வரலாற்றில் உண்டு. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் தாராவிக்குக் கிடைத்தது 37 கோடி. அதே காலத்தில் ஸ்பார்க் நிறுவனமும், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையிலான தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், பைகுல்லா நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் சேர்ந்து முழு அளவு வீட்டு மாதிரிகளை அமைத்துக் காட்சிக்கு வைத்தன. அம்மாதிரிகளின் அறை உயரம் 14 அடி. உள்ளே பரண்போன்ற ஓர் இடைத்தளம். கீழே தொழிலும் சமையலும், மேலே உறக்கம். கழிவறையை வீட்டுக்குள் வைப்பதா, சில குடும்பங்களுக்குப் பொதுவாக வைப்பதா என்பதும் விவாதிக்கப்பட்டது. மாட்டுங்காவில் அரை நூற்றாண்டுக்கு முன் எழுந்த அதே கேள்வி, இங்கே சாதித் தூய்மையை முன்னிட்டன்றி, செலவையும் நீர்வரத்தையும் முன்னிட்டு எழுந்தது. அற்புதம் இதை ஏட்டில் கற்றவரல்லர். 1976இல் நெருக்கடி நிலையின்போது ட்ராம்பேயின் ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துப் போராடியவர் அவர்.

1995இல் வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடு இலவசம். கட்டுபவருக்கு ஈடாகச் சந்தையில் விற்கக்கூடிய கட்டுமான உரிமை. பின்னர் அப்பரப்பு 269 சதுர அடியாகவும் 300 ஆகவும் உயர்ந்தது. வீட்டுக்குள் குழாய், கழிவறை, பெயரில் ஆவணம் ஆகியவை மெய்யான பேறுகள். ஆனால் இலவச வீடுகளைக் குறைந்த நிலத்தில் அடுக்குவதற்காகத் திறந்தவெளி விதி தளர்த்தப்பட்டது. அறுபத்து மூன்றரைப் பாகைக் கணக்கு இங்கே கைவிடப்பட்டது. அதன் விளைவை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோவண்டி, மான்குர்த் பகுதியின் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் நெருங்கி நிற்கும் கட்டடங்களின் கீழ்த்தளங்களுக்கு வெளிச்சமும் காற்றும் எட்டவில்லை. அவ்வமைப்புக்கும் காசநோய்க்கும் தொடர்பு காணப்பட்டது. பிளேக்கின் படிப்பினையால் பிறந்த விதியை நகரம் நடுத்தர வர்க்கத்துக்குக் கடைப்பிடித்து, ஏழைகளின் புதுவீட்டில் மறந்தது.

இன்று தாராவி முழுமையும் மறுசீரமைப்புக்கு உட்படுகிறது. 2022இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தை வென்றது. உருவான நிறுவனத்தில் 80 விழுக்காடு அக்குழுமத்துக்கும் 20 விழுக்காடு மாநில அரசுக்கும் உரியது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தமைக்குச் சான்று காட்டுவோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு அறிவிக்கப்பட்டுள்ளது. பின்னர் வந்தோர்க்கும் மாடியில் வாழ்வோர்க்கும் வேறிடத்தில் விலை அல்லது தவணை முறையில் வீடு. 2024இல் இதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் தேவ்னார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் அடங்கும். பிற குடிசைத் திட்டங்களில் வேண்டப்படும் குடியிருப்போர் ஒப்புதல் இதில் கட்டாயமில்லை. மகன் திருமணத்துக்கு எழுப்பிய அந்த மாடியே இப்போது ஒரு குடும்பத்தைத் தாராவிக்கு உள்ளே, வெளியே என இரண்டாகப் பிரிக்கக்கூடும்.

ஆகவே புதுவீடா, பழைய வீடா என்ற கேள்விக்கு முன்னதாக நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் வருமாறு கட்டடங்களுக்கு இடையே வெளி உள்ளதா? பழுது பார்க்கும் பொறுப்பும் பணமும் யாரிடம்? மாதச்செலவைக் குடும்பம் பத்தாண்டுக்குப் பின்னும் தாங்குமா? அவ்வீட்டில் பிழைப்பு நடத்த முடியுமா? மாட்டுங்கா முதற் கேள்வியில் வென்று இரண்டாவதில் தோற்றது. செம்பூர் இரண்டாவதில் வென்றது. மூன்றாவது இப்போது அதன்முன் நிற்கிறது. தாராவியின் பழைய வீடு நான்காவதற்கு மட்டுமே விடை தந்தது. அங்கு எழப்போகும் புதுவீடு நான்குக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. 1912இல் எழுத்தர்களின் வீட்டுக்குக் கணக்கிட்டுக் கொடுத்த வெளிச்சத்தை, நூறாண்டுக்குப் பின் தோல் தொழிலாளியின் பேரனுக்கும் கேட்பது அதிகப்படியான கோரிக்கையன்று.